'ஸ்மால்' என்னும் ஆங்கிலப் பெயரடை: தமிழில் சிறு, குறு, நுண், குட்டி ஆகிய அடைகளின் பொருளும் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

'ஸ்மால்' என்னும் ஆங்கிலப் பெயரடையைத் தமிழாக்கும்போது 'சிறிய' என்னும் ஒரே சொல்லால் நிறைவு கொள்ளும் போக்கு வகுப்பறைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் காணப்படுகிறது. தமிழோ அளவின் குறைவைச் சிறு, குறு, நுண், குட்டி எனப் பல அடைகளால் பகுத்துக் கூறுகிறது. இவை ஒரே அளவுகோலின் ஏறுவரிசைப் படிகள் அல்ல. ஒவ்வொன்றும் அளவைக் காணும் கோணம் வேறு. இக்கருத்தை இலக்கணம், இலக்கிய வகைப்பெயர், வேளாண்மை, சட்டம் ஆகிய துறைகளின் சொற்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தருமபுரி மாவட்டத்தின் ஏரியூர்ப் பகுதி வேளாண் வாழ்வில் வழங்கும் சொற்கள் இதற்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுமை, குறுமை, நுண்மை, பெயரடை, பண்புத்தொகை, கலைச்சொல்லாக்கம், சிறுதானியம், குறு விவசாயி.

முன்னுரை

ஏரியூர், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தைச் சார்ந்த ஊர். கேழ்வரகும் சாமையும் இம்மாவட்டத்தின் மரபுப் பயிர்கள். ஒன்றரை ஏக்கர் நிலத்தில் கேழ்வரகு விதைக்கும் உழவர் ஒருவர் சொட்டுநீர்க் கருவிக்கு மானியம் பெற விரும்புவதாகக் கொள்வோம். அவர் வட்டாட்சியரிடம் 'சிறு, குறு விவசாயி' என்னும் சான்றினைப் பெறவேண்டும். அவர் விண்ணப்பிக்கும் திட்டத்தின் பெயர் 'நுண்ணீர்ப் பாசனம்'. அவர் விளைவிப்பது 'சிறுதானியம்'. சிறு, குறு, நுண் என்னும் மூன்று அடைகளும் ஒரே உழவரின் ஒரே கோப்பில் இடம்பெறுகின்றன.

இவற்றின் ஆங்கில மூலங்களை நோக்கினால் 'ஸ்மால்', 'மார்ஜினல்', 'மைக்ரோ' என மூன்று வேறு சொற்கள் உள்ளன. 'சிறுதானியம்' என்பதன் மூலமான 'மில்லட்' என்னும் சொல்லிலோ தமிழர் உணரத்தக்க சிறுமை அடை ஏதுமில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகையில் எந்தச் சொல் எந்த அடையைப் பெறுகிறது, ஏன் பெறுகிறது என்னும் வினா இங்கு எழுகிறது. இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் வினா அன்று. தமக்குரிய உதவி எது என்பதை அவ்வுழவர் அறிவது இச்சொற்களின் வழியாகவே. ஆதலின் இவ்வடைகளின் பொருளெல்லையைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாக அமைகிறது.

1. ஆங்கிலத்தில் 'ஸ்மால்'

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஒடுங்கிய, மெல்லிய என்னும் பொருள் இருந்தது. இதனோடு உறவுடைய 'ஷ்மால்' என்னும் ஜெர்மன் சொல் இன்றும் 'ஒடுக்கமான' என்றே பொருள்படுகிறது. பின்னரே ஆங்கிலத்தில் இது பொதுவான அளவுக் குறைவைச் சுட்டும் சொல்லாக விரிந்தது.

இச்சொல்லின் பொருண்மையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, இஃது ஒப்பீட்டு அடை. சின்ன யானை பெரிய எலியைவிடப் பெரியது. எனவே 'ஸ்மால்' என்பது தனித்த ஓர் அளவைக் குறிப்பதில்லை. தான் தழுவும் பெயரின் இயல்பான அளவோடு ஒப்பிட்டே பொருள் தருகிறது.

இரண்டாவது, 'லிட்டில்' என்னும் சொல்லிலிருந்து இஃது வேறுபடும் முறை. 'ஸ்மால்' அளவை உணர்ச்சிக் கலப்பின்றிக் கூறும். 'லிட்டில்' அன்பு, இரக்கம், சில இடங்களில் இகழ்ச்சி ஆகிய மனநிலைகளையும் உடன் சுமக்கும். தம்பியை 'லிட்டில் பிரதர்' என்பர். 'ஸ்மால் பிரதர்' என்னும் வழக்கு இயல்பானதன்று. 'வீடு சிறியது' எனப் பயனிலையாகக் கூறுமிடத்தில் 'ஸ்மால்' என்பதே பெரிதும் வரும்.

மூன்றாவது, எண்ணப்படாப் பெயர்களோடு இதன் உறவு. நீர், நேரம் போன்ற பெயர்களுக்கு முன் 'ஸ்மால்' நேரடியாக வாராது; அளவு என்னும் பொருளுடைய சொல்லைத் துணைக்கொண்டே வரும். அவ்விடத்தில் 'லிட்டில்' நேரடியாக வரும். அதிலும் 'அ' என்னும் சுட்டிடைச்சொல் முன்னிருந்தால் 'சிறிது நீர் உண்டு' என்றும், அஃது இல்லையெனில் 'நீர் இல்லை என்னுமளவு குறைவு' என்றும் பொருள்படும். இவ்விரண்டையும் 'சிறிது' என ஒன்றாகவே பெயர்க்கும் மாணவர் உடன்பாட்டையும் எதிர்மறையையும் கலந்துவிடுகின்றனர்.

2. சிறு: தன்னளவில் சிறுத்தல்

நன்னூலின் 135ஆம் நூற்பா பண்புப் பகாப்பதங்களை வரிசைப்படுத்துகையில் சிறுமையையும் நுண்மையையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. அடுத்த நூற்பா கூறும் திரிபுகளுக்கு ஏற்பச் சிறுமை என்னும் சொல் பல வடிவங்கொள்ளும். ஈறு கெட்டுச் 'சிறுகுடில்' என்றும், ஒற்று இரட்டிச் 'சிற்றூர்' என்றும், முதல் நீண்டு 'சீறூர்', 'சீறியாழ்' என்றும், இடை உகரம் இகரமாகிச் 'சிறியன்' என்றும் ஆகும். 'மினி பஸ்' என்பதற்கு வழங்கும் 'சிற்றுந்து' என்னும் இக்காலச் சொல்லும் சிற்றூர் என்பதன் வாய்பாட்டிலேயே அமைந்ததாகும்.

'சிறு' என்பதும் 'சிறிய' என்பதும் ஒன்றற்கொன்று மாற்றாக எல்லா இடங்களிலும் வருவன அல்ல. 'சிறு' பெயரோடு இணைந்து பண்புத்தொகையாகி ஒரு வகையைப் பெயரிடும். 'சிறிய' தனிச்சொல்லாக நின்று ஒரு பொருளின் அளவை வருணிக்கும். 'சிறுகதை' என்பது ஓர் இலக்கிய வகை. 'சிறிய கதை' என்பது அளவைப் பற்றிய கூற்று. ஆகவேதான் 'மிகச் சிறிய சிறுகதை' என்றும் 'நீண்ட சிறுகதை' என்றும் முரணின்றிக் கூற இயலுகிறது.

'சிறுகுடல்' இதற்கு மிகத் தெளிவான சான்று. வளர்ந்தோர் உடலில் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டரே. நீளத்தைக் கருதினால் பெயர் தலைகீழாக இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பெயரிலும் தமிழ்ப் பெயரிலும் கருதப்பட்டது குழாயின் விட்டம். 'ஸ்மால்' என்பதன் பழைய 'ஒடுங்கிய' என்னும் பொருள் இவ்விடத்திற்குப் பொருந்திவருவதும் நோக்கத்தக்கது. இங்கே 'குறுங்குடல்' எனப் பெயரிட்டிருந்தால் நீளம் குறைந்தது என்னும் பிழைப்பொருள் தோன்றியிருக்கும்.

பேச்சுவழக்கின் 'சின்ன' என்னும் சொல் சிறுமையோடு இனமுடையது. வயதின் இளமையையும் வரிசையின் பின்மையையும் குறிக்கவல்லது. சின்னம்மா என்பவர் உருவில் சிறியவர் அல்லர், முறையில் இளையவர். சிற்றப்பன் என்பதே சித்தப்பா என மருவியது. ஊர், ஆறு ஆகியவற்றின் பெயர்களிலும் இவ்வடை பெரிதும் பயில்கிறது. தருமபுரி மாவட்டத்தில் ஓடி ஒகேனக்கல் அருகே காவிரியில் கலக்கும் சின்னாறும், சின்னசேலம், சின்னமனூர் ஆகிய ஊர்களும் சான்றுகளாகும்.

கன்னட எல்லையை ஒட்டிய இம்மாவட்டத்தில் ஒப்பீடு ஒன்று பயன்தரும். தமிழின் 'சிறு' என்பதற்கு இனமான கன்னடச் சொல் 'கிரு'. தமிழர் 'குறும்படம்' என்பதனைக் கன்னடர் 'கிருசித்ர' என்பர். தமிழர் 'சின்னத்திரை' என்பதனைக் கன்னடர் 'கிருதெரெ' என்பர். கன்னடம் ஒரே அடையால் கூறும் இரண்டைத் தமிழ் இரு வேறு அடைகளால் கூறுகிறது. திரைப்படத்தில் குறைவது ஓடும் நேரம். திரையில் குறைவது பரப்பு. இவ்வேறுபாட்டைத் தமிழ் வழக்கு காத்துவருகிறது.

3. குறு: உரிய அளவிற்குக் குறைதல்

குறு, குறுகு, குறை, குறில், குறள் ஆகியன ஓரினச் சொற்கள். நீளமோ காலமோ குறைதல் இவற்றின் முதன்மைப் பொருள். குறில் ஒலிக்கும் காலம் குறைந்த எழுத்து. குற்றியலுகரம் தன் ஒரு மாத்திரையினின்று குறுகிய உகரம். குறுவை குறைந்த நாளில் விளையும் நெற்பருவம். குறுஞ்செய்தி நீளம் குறைந்த செய்தி. இச்சொற்களில் ஆங்கிலத்தின் 'ஷார்ட்' என்பதற்கு இணையாகக் 'குறு' நிற்கிறது.

எனினும் நீளம் என்னும் ஒரு கூற்றால் எல்லா வழக்குகளையும் விளக்கிவிட இயலாது. குறுநில மன்னர் என்பதில் குறைவது நிலப்பரப்பு. வருவாய் நிருவாகத்தில் வட்டத்தின் உட்பிரிவு 'குறுவட்டம்' எனப்படுகிறது. குறுநொய் என்பது முழு அரிசியாக இல்லாது உடைந்த துண்டு. இவையனைத்திற்கும் பொதுவாக அமைவது, 'ஒரு பொருள் தனக்குரிய முழு அளவை எட்டாது குறைந்து நிற்றல்' என்னும் கருத்தாகும்.

இக்கருத்தை இலக்கிய வகைப்பெயர்கள் உறுதிப்படுத்துகின்றன. குறுங்கதை சிறுகதையினும் சிறியது. குறுநாவல் சிறுகதையினும் பெரியது. குறு என்பது சிறு என்பதற்குக் கீழ்ப்படி எனக் கொண்டால் குறுநாவலுக்கு விளக்கமில்லை. மேற்படி எனக் கொண்டால் குறுங்கதைக்கு விளக்கமில்லை. நாவலுக்குரிய அளவில் குறைந்தது குறுநாவல், கதைக்குரிய அளவில் குறைந்தது குறுங்கதை எனக் கொண்டால் இரண்டும் பொருந்துகின்றன. ஆகவே சிறு, குறு என்பன ஒரே ஏணியின் இரு படிகள் அல்ல என்பது தெளிவாகிறது.

4. நுண்: செறிவும் கூர்மையும்

தொல்காப்பிய உரியியல் நொசிவு, நுழைவு, நுணங்கு ஆகிய உரிச்சொற்களுக்கு நுண்மைப் பொருளை வழங்குகிறது. நுண்மை என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத மென்மையும் செறிவும் ஆகும். அறிவியல் தமிழில் 'மைக்ரோ' என்பதற்கு இவ்வடையே நிலைபெற்றது. நுண்ணுயிரி, நுண்ணோக்கி, நுண்ணூட்டச்சத்து என்பன நன்கு பரவிய சொற்கள்.

மதிப்பீட்டுப் பொருளில் நுண்மையும் சிறுமையும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. நுண்ணறிவு, நுண்கலை என்பன உயர்வு குறிப்பன. சிறுமை எனப் பண்புப்பெயராக நிற்குமிடத்து இழிவு தோன்றும். திருக்குறளின் 46ஆம் அதிகாரம் சிற்றினம் சேராமை. அங்கே சிறுமை உருவளவைப் பற்றியதன்று, ஒழுக்கத்தைப் பற்றியது. ஆங்கிலத்திலும் 'ஸ்மால் மைண்ட்' என்பது குறுகிய மனத்தையும், 'ஃபைன் மைண்ட்' என்பது கூரிய மனத்தையும் குறிக்கும். எனவே 'ஸ்மால் மைண்ட்' என்பதை 'நுண்மனம்' எனப் பெயர்ப்பது இழிவை உயர்வாக மாற்றிவிடும்.

5. குட்டி: இளமையும் அன்பும்

தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைக் கூறுகிறது. இவற்றுள் 'குட்டி' என்பது இக்காலத்தில் உயிரில் பொருள்களுக்கும் அடையாகிக் குட்டித்தீவு, குட்டிக்கதை என விரிந்துள்ளது. சரக்கேற்றும் சிறிய வண்டியை மக்கள் 'குட்டி யானை' என அழைப்பதில் அளவும் அன்பும் நகைச்சுவையும் ஒருங்கே உள்ளன. ஆங்கிலத்தின் 'லிட்டில்' சுமக்கும் மனநிலைக்கு மிக நெருங்கிய தமிழ் அடை இதுவே எனலாம்.

பிரெஞ்சு நாவல் ஒன்றின் நேரடித் தமிழாக்கம் 'குட்டி இளவரசன்' என்னும் பெயரில் க்ரியா வெளியீடாக 1981இல் வந்தது. 'சிறிய இளவரசன்' என்றிருந்தால் உருவளவு மட்டும் தோன்றியிருக்கும்; 'சின்ன இளவரசன்' என்றிருந்தால் அரசனின் இளைய மகன் என்னும் பொருளுக்கு இடமாகியிருக்கும். நூற்பெயரில் தேர்ந்த அடை இவ்விரு மயக்கங்களையும் நீக்கிவிட்டது.

6. சட்டச் சொற்களில் சிறுவும் குறுவும்

இந்திய வேளாண் கணக்கெடுப்பு 1 எக்டேருக்குக் குறைந்த நிலமுடையோரை 'மார்ஜினல்' என்றும், 1 முதல் 2 எக்டேர் வரை உடையோரை 'ஸ்மால்' என்றும் வகுக்கிறது. தமிழில் முன்னது குறு, பின்னது சிறு. அதாவது ஏறத்தாழ 2.5 ஏக்கர் வரை குறு விவசாயி. அதற்குமேல் 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. முன்னுரையில் கண்ட ஒன்றரை ஏக்கர் உழவர் குறு விவசாயி ஆவார்.

'மார்ஜினல்' என்பதற்குச் சமூகவியலில் 'விளிம்புநிலை' என்னும் சொல் வழங்குகிறது. அதனை இங்குக் கையாண்டால் நில அளவைக் குறிக்கும் வகைப்பெயர் சமூகப் புறக்கணிப்பைக் குறிப்பதாக மாறிவிடும். மறுதலையாக, இருவகையினரையும் 'சிறு விவசாயிகள்' என ஒன்றாக்கும் பெயர்ப்பும் உண்டு. 2015–16 கணக்கெடுப்பின்படி இந்திய நில உடைமைகளில் ஏறத்தாழ 86 விழுக்காடு இவ்விருவகையைச் சார்ந்தது. அதில் குறு விவசாயிகளின் பங்கு மட்டும் ஏறத்தாழ 68 விழுக்காடு. பெயர்ப்பில் 'குறு' என்னும் ஈரெழுத்து விடுபடும்போது நாட்டின் உழவருள் பெரும்பகுதியினர் வேறொரு வகையின் பெயருக்குள் மறைந்துவிடுகின்றனர்.

தொழில்துறையில் இதே அடை வேறொரு மூலத்திற்கு ஈடாகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'மைக்ரோ', 'ஸ்மால்', 'மீடியம்' என்னும் மூவகையும் தமிழ்நாட்டில் 'குறு, சிறு மற்றும் நடுத்தர' எனப்படுகின்றன. 2025 ஏப்ரல் 1 முதல் 2.5 கோடி ரூபாய் வரை முதலீடும் 10 கோடி ரூபாய் வரை விற்றுமுதலும் உடைய நிறுவனம் குறு நிறுவனம் ஆகும். ஒன்றரை ஏக்கர் உழவரும் 2 கோடி ரூபாய் முதலிட்ட தொழிலகமும் ஒரே 'குறு' என்னும் அடையைப் பெறுகின்றனர். அளவு சொல்லில் இல்லை, சட்டத்தின் வரையறையில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இலங்கைத் தமிழில் இவ்விடத்தில் 'நுண், சிறிய, நடுத்தர' என்னும் தொடர் வழங்குகிறது. அறிவியல் தமிழ் வழக்கோடு அது நன்கு இயைகிறது.

தமிழ்நாட்டு வழக்கிற்கும் ஓர் அடிப்படை உண்டு. குறு என்பது உரிய அளவிற்குக் குறைதலாயின், குறு விவசாயி என்பவர் பிழைப்பிற்குப் போதிய நிலஅளவை எட்டாதவர் எனப் பொருள்கொள்ள இடமுண்டு. ஆயினும் குறு சிறுவினும் சிறியது என்னும் வரிசை சட்டத்தால் நிறுவப்பட்டதேயன்றி மொழியில் இயல்பாக அமைந்ததன்று. 'சிறு, குறு' என்றும் 'குறு, சிறு' என்றும் துறைக்கேற்ப வரிசை மாறுவதும் மயக்கத்தை மிகுவிக்கிறது. தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு விவசாயிகள் இருவருக்கும் 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுவதால் அத்திட்டத்தில் இம்மயக்கம் உழவரைப் பாதிப்பதில்லை. இருவகையினரையும் பிரித்துக் கணக்கிடும் அறிக்கைகளைத் தமிழாக்கும்போதோ இது பொருட்பிழையாக முடியும்.

7. சிறுதானியமும் 'லிட்டில் மில்லட்' என்பதும்

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டமும் தொடங்கியது. இதனால் வேளாண் நூல்களின் தமிழாக்கம் இப்பகுதியினர்க்கு நேரடித் தேவையாகியுள்ளது.

ஆங்கிலத்தில் சோளம், கம்பு முதலியன உட்பட அனைத்தும் 'மில்லட்ஸ்'. அவற்றுள் சாமை, தினை, வரகு, பனிவரகு, குதிரைவாலி முதலியன 'ஸ்மால் மில்லட்ஸ்'. அவற்றுள்ளும் சாமை 'லிட்டில் மில்லட்'. தமிழின் 'சிறுதானியம்' முதல் நிலைக்கே பெயராகிவிட்டது. இரண்டாம் நிலையைச் 'சிறிய சிறுதானியம்' எனல் பொருந்தாது. 'குறுந்தானியம்' என ஆள்வது பகுப்பைக் காக்கும். மூன்றாம் நிலையைச் சொல்லுக்குச் சொல் 'சிறிய தினை' எனப் பெயர்ப்பது பெரும்பிழை. தினையும் சாமையும் வெவ்வேறு பயிர்கள். ஆங்கிலம் அடைகொடுத்து வேறுபடுத்தும் பயிருக்குத் தமிழில் தனிப்பெயரே உள்ளபோது அடையைத் தேடுதல் வேண்டா.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. 'ஸ்மால்' என்பது தழுவும் பெயரைச் சார்ந்து பொருள்தரும் ஒப்பீட்டு அடை. அதற்கு ஒரே நிகரனைத் தமிழில் நிறுவ இயலாது.

2. தன்னளவில் சிறுத்தலுக்குச் சிறு, உரிய அளவிற்குக் குறைதலுக்குக் குறு, மென்மைக்கும் செறிவிற்கும் நுண், இளமைக்கும் அன்பிற்கும் குட்டி எனத் தமிழ் வழக்கு பகுத்துள்ளது.

3. 'சிறு' வகைப்பெயர் ஆக்கும். 'சிறிய' அளவை வருணிக்கும். கலைச்சொல்லாக்கத்தில் இவ்வேறுபாடு பேணப்படுதல் வேண்டும்.

4. குறு விவசாயி, குறு நிறுவனம் போன்ற சட்டச் சொற்கள் வரையறையால் பொருள்பெறுவன. அவற்றைக் கற்பிக்கும்போதும் பெயர்க்கும்போதும் எக்டேர், ரூபாய் அளவுகளை உடன் கூறுதல் இன்றியமையாதது.

மொழிபெயர்ப்பு வகுப்பில் 'ஸ்மால்' என்னும் சொல்லை எதிர்கொள்ளும் மாணவரிடம் 'தமிழில் என்ன?' என்று வினவுவதற்கு முன், 'எதில் சிறியது?' என்று வினவப் பழக்குதல் நன்று. விட்டத்திலா, நீளத்திலா, பரப்பிலா, வயதிலா, மதிப்பிலா என்பது தெளிந்தால் உரிய அடை தமிழில் முன்னரே காத்திருப்பதைக் காணலாம். அத்தெளிவு, தம் கையிலுள்ள சான்று தம்மைச் சிறு விவசாயி என்கிறதா குறு விவசாயி என்கிறதா என்பதை ஏரியூர்ப் பகுதி உழவர் ஐயமின்றி அறியவும் துணைசெய்யும்.